குளிர்காலம் வருமுன்



யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ, அந்த அம்மையார் எனக்கு ஞாயிறு பள்ளி ஆசிரியை. பாடத்தின் நடுவே கேள்வி கேட்கிற பிள்ளையை அதட்ட மாட்டார். எழுப்பி, முதல் பெஞ்சில் கொண்டுவந்து உட்காரவைப்பார். அதனால்தான் பிற்காலத்தில் ஒரு கூட்டத்தில், நியாயமாகக் கணக்குக் கேட்ட பெரியவர் ஒருவரைச் சுயபுத்தியில் பேசாதீர்கள் என்று அடக்கியபோது எனக்கு மனம் கொதித்தது. நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரத்தின் அந்தச் சொல்லை நாம் எவ்வளவு எளிதாகப் பிறர் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறோம்! தேவஞானத்தைத் தெரிந்துகொள்வது என்றால் மூளையைக் கழற்றி வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வருவது என்று நம் பிள்ளைகள் நினைத்தால், குற்றம் நம்முடையது.

இதை விளக்க ஒரு மனிதரின் இருபத்தைந்து நாட்களை உங்கள் முன் வைக்கிறேன்.

டீட்ரிக் போன்ஹோஃபர் 1906இல் பிறந்த ஜெர்மானியர். தந்தை பெர்லினில் மனநல மருத்துவப் பேராசிரியர். மகன் இருபத்தோராம் வயதிலேயே இறையியலில் முனைவர். அறிவைத் துச்சமாக எண்ணிய வீடு அல்ல அது. காந்தியடிகளைச் சந்தித்து அறப்போர் கற்க விரும்பினார். 1934இல் காந்தியடிகளும் அவரை வரச்சொல்லிக் கடிதம் எழுதினார். ஆனால் அந்தப் பயணம் நடக்கவில்லை. நாசிகளுக்கு வளைந்துகொடுக்க மறுத்த சபையாருக்காக ஃபிங்கன்வால்டேயில் போதகர் பயிற்சிப் பள்ளியை நடத்தினார். 1937இல் ரகசியப் போலீஸ் அதை மூடியது.

1939இல் அவருடைய வயதினரைப் படைக்கு அழைக்கும் நாள் நெருங்கியது. ஹிட்லரின் படையில் சேர அவர் மனச்சாட்சி இடம்தரவில்லை. வெளிப்படையாக மறுத்தால் தன்னோடு சபையும் மாட்டிக்கொள்ளும். ராயின்ஹோல்ட் நீபூர் முதலிய நண்பர்கள் அமெரிக்காவுக்கு அழைத்தார்கள். ஜூன் 12ஆம் தேதி நியூயார்க்கில் இறங்கினார்.

நண்பர்கள் சொன்னதில் தவறு என்ன? ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட அறிஞர் உயிரோடிருந்தால்தானே நாளைய ஜெர்மனிக்குப் பயன்? போருக்குப் பின் சபையைக் கட்ட ஆள் வேண்டாமா? இதைவிடச் சரியான நியாயத்தை நானும் சொல்லியிருக்க முடியாது. என் மகன் அந்த இடத்தில் இருந்தால், இரு தம்பி, வராதே என்றுதான் கெஞ்சியிருப்பேன்.

யூனியன் இறையியல் கல்லூரியில் அவருக்குக் கொடுத்த அறைக்குத் தீர்க்கதரிசியின் அறை என்று பெயர். சூனேம் ஊர் அம்மாள் எலிசாவுக்குக் கட்டிவைத்தாளே, கட்டிலும் மேசையும் நாற்காலியும் விளக்கும் வைத்த மேல்வீட்டறை, அந்த நினைவு. அங்கே அவருக்கு நிம்மதி இல்லை. வந்த புதிதில் கல்லூரித் தலைவரின் கிராமத்து வீட்டில் மாலை நேரம் தோட்டமெங்கும் மின்மினிகள் பறப்பதைப் பார்க்கிறார். அதுவரை கண்டதே இல்லையாம், அதிசயித்து நாட்குறிப்பில் எழுதுகிறார். ஆனால் அதே நாட்குறிப்பு முழுவதும் ஜெர்மனியைப் பற்றிய ஏக்கம்தான். தம்மோடு ஜெபித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். தாம் இங்கே இருக்கிறார். அகதிகள் நடுவே ஊழியம் செய்ய ஒரு நல்ல பொறுப்பைக் கொடுக்க முன்வந்தார்கள். அதை ஏற்றால் திரும்பிப் போவது நடவாது. ஜூன் 20ஆம் தேதி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று தமக்கே முழுவதும் விளங்கவில்லை என்று அன்று எழுதிவைத்தார்.

ஆறு நாள் கழித்து, 26ஆம் தேதி, வேதத்தை வாசிக்கிறார்.   அன்று வாசித்த பகுதி, சிறையிலிருக்கும் பவுல் குளிர்காலம் வருமுன் வந்து சேரும்படி தீமோத்தேயுவைக் கேட்கும் இடம். அதே அதிகாரத்தில்தான் துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் எடுத்துவரச் சொல்கிறார். குளிரில் கிடக்கும் கிழவனார் துணைக்கு ஆள் கேட்கிறார். அவ்வளவுதான். அந்த வரி நாள் முழுவதும் போன்ஹோஃபரை விடவில்லை.

இங்கே கவனியுங்கள். நம்மில் பலர் இந்தக் கதையைச் சொல்லும்போது, வசனம் வந்தது, உடனே புறப்பட்டார் என்று சுருக்கிவிடுகிறோம். புத்தாண்டு இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையை எடுத்துப் பார்த்து மனை வாங்குவதா, மகளுக்குச் சம்பந்தம் பேசுவதா என்று தீர்மானிக்கிறோமே, அந்தப் பழக்கத்துக்கு இவரைச் சாட்சியாக இழுக்கக் கூடாது. வசனம் வருமுன்பே அவர் மறுத்துவிட்டார். யோசித்து, குழம்பி, ஜெபித்து, தம் நோக்கங்களைத் தாமே சந்தேகித்து எடுத்த முடிவுக்கு வசனம் வந்து தோள்கொடுத்தது. அவருடைய அறிவு ஒரு கணமும் உறங்கவில்லை.

நீபூருக்கு எழுதிய கடிதத்தில் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்: என் மக்களின் சோதனைக் காலத்தில் பங்குபெறாதவனுக்கு, பிறகு அங்கே கிறிஸ்தவ வாழ்வைத் திரும்பக் கட்டும் உரிமை கிடையாது என்பது அதன் சாரம். நண்பர்களின் கணக்கில் பிழை இல்லை. கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் வித்தியாசம். அவர்கள் கணக்கு அவர் உயிரிலிருந்து தொடங்கியது. அவருடையது சிலுவையிலிருந்து தொடங்கியது. கொரிந்தியருக்கு எழுதும்போது தேவனுடைய பைத்தியம் என்று பவுல் சொல்வது, எனக்குத் தெரிந்தவரை, இதைத்தான்.

ஜூலை தொடக்கத்தில் கப்பல் ஏறினார். செப்டம்பர் 1ஆம் தேதி போர் மூண்டது. அதன்பின் அவர் செய்த வேலைக்கெல்லாம் எத்தனை சாமர்த்தியம் வேண்டியிருந்தது! ராணுவ உளவுத்துறையில் பெயருக்கு வேலை, உள்ளே ஹிட்லருக்கு எதிரானவர்களோடு தொடர்பு. அந்தக் குழுவினர் உளவாளிகள் என்று கணக்குக் காட்டி யூதர்கள் சிலரைச் சுவிட்சர்லாந்துக்குத் தப்பவைத்தார்கள். 1943 ஏப்ரல் 5இல் கைதானார். 1945 ஏப்ரல் 9இல் ஃப்ளாசன்பூர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். இரண்டு வாரத்தில் அமெரிக்கப் படை அங்கே வந்துசேர்ந்தது. சகோதரர் கிளாஸும் சகோதரிகளின் கணவர் இருவரும் அதே மாதத்தில் கொல்லப்பட்டார்கள். ஒரு தாய்க்கு இவ்வளவும். இதைச் சொல்லிவிட்டு அல்லேலூயா பாட என்னால் முடியாது; கேட்கும் உங்களையும் பாடச் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். 1943 கிறிஸ்துமஸுக்கு இரண்டொரு நாள் இருக்கையில், டேகல் சிறை அறையில் எட்டு மாதம் கழித்திருந்த நிலையில், நண்பர் பெத்கேவுக்குக் கடிதம் எழுதுகிறார். வெளியே பெண் நிச்சயமாகிக் காத்திருக்கிறாள். விடுதலை தள்ளிப்போய்விட்டது. 1939இல் திரும்பி வந்ததற்காக ஒரு கணமும் தாம் வருந்தவில்லை என்று அந்தக் கடிதத்தில் இருக்கிறது.