சிக்கல் ஒரு சாக்கு அல்ல



இந்த நினைவுப் பேருரையை ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். முகூர்த்த நாள் வந்தால் நம் சங்கரன்கோவில் பூச்சந்தையில் மல்லிகை விலை ஒரே நாளில் எகிறுகிறது. விடியுமுன் பனியில் நின்று அதைப் பறித்தவரின் கூலியும் அப்படி எகிறுகிறதா?

தேவை கூடினால் விலை கூடும் என்கிறது பாடப்புத்தகம். பூவுக்குச் சரி. கூலிக்கு? நிலம் யாருடையது, முன்பணம் யார் கொடுத்தது, வேறு வேலை கேட்டுப் போனால் எந்தக் கதவு திறக்கும் என்பதெல்லாம் சேர்ந்துதான் கூலி முடிவாகிறது. இவற்றை ஒதுக்கிவிட்டுப் போடும் கணக்கு எளிமையாக இருக்கும். நம்மைப் பற்றியதாக இருக்காது.

அண்ணல் அம்பேத்கர் 1918இல் சிறுநில உடைமை பற்றி எழுதினார். துண்டு நிலங்களைச் சேர்த்துப் பெரிதாக்கினால் விவசாயம் தழைக்கும் என்று பேசப்பட்ட காலம். நிலத்தின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, அதில் இடும் உழைப்பையும் மூலதனத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார் அவர். நிலத்தையே நம்பி மிகையான ஆட்கள் முடங்கிக் கிடப்பதுதான் நோய், மருந்து தொழில்மயம். நோய் வயலில் தெரிந்தது, மருந்து வயலுக்கு வெளியே இருந்தது.

1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் இன்னும் ஆழமாகப் போனார். சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்குகிறது. ஒரு தொழில் நலிந்தாலும் ஆளை இன்னொன்றுக்கு நகரவிடாது. வேலையின்மைக்கு அதுவும் காரணம்.

பொருளாதாரம் சிக்கலானது என்பதைப் பின்னாளில் ஹயக்கும் சொன்னார். எல்லாம் அறிந்ததாக எண்ணிச் சமூகத்தை வடிவமைக்கப் போகாதீர்கள் என்று 1974 நோபல் உரையில் எச்சரித்தார். நம் அறிவுக்கு எல்லை உண்டு என்பது நியாயமே. ஆனால் அரசு ஒதுங்கினால் யாருக்குச் சுதந்திரம்? வாரத்தை உயர்த்தும் நிலக்கிழாருக்கு, கூலியைக் குறைக்கும் முதலாளிக்கு. 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ எழுதிய அம்பேத்கரின் பதில் இதுதான். வேளாண்மை அரசுத் தொழிலாக வேண்டும், அதை அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்றார். சிக்கலைக் கண்டு அவர் கைகட்டி நிற்கவில்லை, முடிச்சைத் தேடினார்.

1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராம ஆய்வுக்கு ஏவினார். நம் நெல்லைப் பக்கத்துக் கங்கைகொண்டானும் அதில் ஒன்று. மாணவர்களே, நீங்களும் நோட்டும் பேனாவுமாக உங்கள் தெருவில் தொடங்குங்கள். கூலி, கடன், நிலம், சாதி நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ‘அது சிக்கலான விஷயம்’ என்று யாராவது வாயடைத்தால், அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.