மலைமேல் ஓர் இல்லறம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



முப்பத்து நான்கு ஆண்டுகள் செம்பூரில் வாழ்ந்து, பணியினின்றும் ஓய்வு பெற்ற பின்னர், நானும் என் கணவரும் நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரிக்கு அருகே ஒரு சிறு வீட்டில் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மாதுங்காக் கடைத்தெருவில் என்னைக் காணும் அன்பர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர்: "அந்த மலையில் உங்களுக்குப் பொழுது எப்படிப் போகிறது?" அதற்கு விடை கூறுமாறு சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். சுருங்கச் சொன்னால், எங்களுக்குப் பொழுது போகவில்லை என்பதில்லை. பொழுது போதவில்லை என்பதே உண்மை.

மலைவாழ்வு என்றவுடன் நம் நெஞ்சில் அருவியும் பனியும் தேனும் தோன்றுகின்றன. ஆனால், சங்கப் புலவர்கள் குறிஞ்சித் திணையைப் பாடியபோது அருவியை மட்டுமா பாடினார்கள்? தினைப்புனத்தில் பரண்மீது இருந்து கிளியோட்டும் மகளிரைப் பாடினார்கள். யானையும் பன்றியும் விளைச்சலை அழிக்காதவாறு இரவெல்லாம் கண்விழித்துக் காக்கும் கானவரைப் பாடினார்கள். மலை என்றுமே உழைப்பவர்களின் இருப்பிடம். ஓய்வுக்காக நீலகிரியை நாடும் வழக்கம் பிற்காலத்தது. 1819-ஆம் ஆண்டில், கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் மலையேறி வந்து, கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் தங்கினார். அதன் பின்னரே, சமவெளி வெயிலுக்கு அஞ்சிய ஆங்கிலேயர் அங்கே மாளிகைகள் எழுப்பினர். அவர்களுக்கு நீர் சுமக்கவும் விறகு பிளக்கவும் ஏவலர் பலர் இருந்தனர். ஓய்வூதியத்தில் வாழும் நமக்கோ நாமே ஏவலர்.

முதலில் தண்ணீரைப் பற்றிக் கூறுகிறேன். மும்பையில் நேரத்திற்குக் குழாயைத் திருகினால் நீர் வருகிறது. தான்சா, பாத்சா, வைதரணை ஆகிய நீர்த்தேக்கங்களிலிருந்து நெடுந்தொலைவு கடந்து அது வருகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டுக்கு நீர் வருவது மேட்டிலுள்ள ஓர் ஊற்றிலிருந்து. குழாயின் வாயில் ஒரு பிடி சருகு அடைத்துக்கொண்டால் வீட்டில் ஒரு சொட்டும் விழாது. மழையானாலும் பனியானாலும் ஒருவர் மேடேறிச் சென்று சருகை அள்ளி எறிந்துவிட்டு வரவேண்டும். மாசி, பங்குனி மாதங்களில் ஊற்று நூல்போல் மெலிந்துவிடும். அப்போது துணி அலசிய நீர் தோட்டத்திற்குப் போகும். பொதுக்குழாயடியில் குடத்துடன் காத்திருந்து பழகிய தாராவித் தாய்மார்களுக்கு இதனை நான் விளக்க வேண்டுவதில்லை.

அடுத்து அடுக்களை. நாங்கள் இருப்பது ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரம். அங்கே காற்றின் அழுத்தம் குறைவாதலால் தண்ணீர் 100 டிகிரி வரை சூடேறுவதற்கு முன்பே, ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிப்பது என்னவோ கொதிக்கிறது, பருப்புத்தான் வேகுவதில்லை. பிரஷர் குக்கர் இல்லையேல் சாம்பாருக்குத் தவம் கிடக்க வேண்டும். மே மாதத்து மும்பையில் சில மணி நேரத்தில் பொங்கி வழியும் இட்லி மாவு, அங்கே மார்கழியில் அசையாமல் கிடக்கும். பாத்திரத்திற்குக் கம்பளி போர்த்தி அடுப்போரம் வைத்தால் மறுநாள் முற்பகலில் மனமிரங்கும். மூடுபனிக் காலத்தில் உப்பு கசியும், அப்பளம் நமத்துப்போகும், துவைத்த துணி மூன்று நாளானாலும் உலராது. எரிவாயு உண்டெனினும் வெந்நீருக்கு விறகடுப்புத்தான். சீகை விறகும் கற்பூர மர விறகும் மழைக்கு முன்பே வாங்கிப் பிளந்து, தாழ்வாரத்தில் அடுக்கிவிட வேண்டும். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவப்பதைவிட, வைகாசியில் முதுகு வலிப்பது நன்று.

கோத்தகிரி மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழை அங்கே வலுவாகப் பெய்யும். 2009-ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியில் பல இடங்களில் மண் சரிந்து, வீடுகள் புதைந்து, பலர் உயிரிழந்தனர். ஆகவே, வீட்டின் பின்புறத்து வடிகாலைத் தூர்வாரி வைப்பது எங்களுக்கு வெறும் தூய்மைப் பணியன்று, உயிர்காக்கும் பணி. மண்ணுக்குள் நீர் தேங்கினால் சரிவு தளர்ந்துவிடும். நீர் போகும் வழியை மறித்துச் சுவர் எழுப்பியவன் தன் வீட்டை மட்டுமன்றிக் கீழ்வீட்டையும் கெடுக்கிறான்.

விலங்குகளையும் மறக்கலாகாது. நாங்கள் பயிரிட்ட உருளைக்கிழங்கில் ஒரு பங்கு காட்டுப்பன்றிக்கு உரியது. தேயிலைச் செடிகளுக்கிடையே காட்டெருமை நிற்கும்; அதற்கு வழிவிட்டு நாம் நிற்க வேண்டும். கரடிக்கு எண்ணெய் மணம் மிகவும் பிடிக்கும். அதனால், இரவில் எண்ணெய்ச் சட்டியைக் கழுவி வைத்து, குப்பையை வெளியே விடாமல், கதவைத் தாழிட்ட பின்பே படுக்கை. நகரத்தில் திருடனுக்கு அஞ்சிப் பூட்டினோம். அங்கே கரடிக்கு அஞ்சிப் பூட்டுகிறோம்.

தாய்மார்களே! இவ்வளவு வேலைகளையும் நான் அடுக்கியது உங்களை அச்சுறுத்துவதற்கன்று; ஒரு கேள்வியைக் கேட்பதற்காகத்தான். ஓய்வு யாருக்கு? அலுவலகம் ஆடவர்க்கு அறுபது வயதில் மாலையிட்டு விடை கொடுக்கிறது. அடுக்களை எந்தப் பெண்ணுக்காவது மாலையிட்டு விடை கொடுத்ததுண்டா? மும்பையிலாவது பாத்திரம் தேய்க்க ஓர் அம்மாள் வருவார். மாதுங்காவுக்குச் சென்றால் வேண்டிய காய்கறி கிடைக்கும். மாலையில் பேச நான்கு தோழியர் உண்டு. மலைக்குச் செல்லும் மனைவி இவற்றையெல்லாம் விட்டுச் செல்கிறாள். அங்கே கணவர் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டுச் செய்தித்தாளுடன் மலையழகில் மூழ்கிவிடுவாராயின், அவருக்கு அது கயிலாயம். அவளுக்கு அது சிறைச்சாலை.

எங்கள் வீட்டில் குடியேறிய முதல் வாரத்திலேயே வேலைகளைப் பங்கிட்டுக்கொண்டோம். ஊற்று, விறகு, வெந்நீர், வடிகால், தத்தம் துணி ஆகியவற்றுள் முதல் நான்கும் அவர் பொறுப்பு. ஐந்தாவது இருவர்க்கும் பொது. தோட்டமும் கணக்கும் என்னுடையவை. சமையல் வாரத்தில் நான்கு நாள் எனக்கு, மூன்று நாள் அவருக்கு. அறுபத்திரண்டாம் வயதில் அவர் ரசம் வைக்கக் கற்றார். தொடக்கத்தில் அது ரசமா, புளிக்கரைசலா என்று ஐயுற்றேன். இன்று விருந்தினர் இரண்டாம் முறை கேட்டு வாங்குகின்றனர்.

அவர் கற்ற அந்தக் கல்வி உரிய காலத்தில் உதவியது. மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில், பாசி படிந்த படியில் வழுக்கி என் கணுக்கால் எலும்பு முறிந்தது. அன்று சாலையில் மரம் விழுந்து கிடந்ததால் ஊர்தி வீடு வரை வர இயலவில்லை. பக்கத்து ஊர்ப் படகர் குடும்பத்து இளைஞர்கள் நால்வர் என்னை நாற்காலியில் அமர்த்தி, மரம் விழுந்த இடத்துக்கு அப்பால் ஊர்தி நின்ற இடம் வரை சுமந்து சென்றனர். ஆறு வாரங்கள் நான் காலூன்றவில்லை. ஆயினும் வீட்டில் அடுப்பு அணையவில்லை. நாள்தோறும் பால் கொண்டுவந்த மூதாட்டி, "நீ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாயே, அம்மா!" என்று கூறிக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

தொல்காப்பியம் கற்பியலில், இன்ப வாழ்வு கனிந்த முதுமையில் தலைவனும் தலைவியும் சுற்றத்தோடு அறம் புரிவதையே இல்வாழ்வின் பயன் என்கிறது. அங்கே 'சுற்றத்தோடு' என்ற சொல்லை நோக்குங்கள். இருவரும் தனித்திருப்பது ஓய்வன்று. பிறந்த இடத்துச் சுற்றம் வேறு. முதுமையில் நாமே தேடிக்கொள்ளும் சுற்றம் வேறு. ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லியும், ஒரு மனுவை எழுதிக் கொடுத்தும், சாவு வீட்டுக்கு முதல் ஆளாய்ச் சென்றும் அதனைத் தேட வேண்டும். விலை கொடுத்து வாங்க இயலாது.

ஆகவே, மலைக்குச் செல்ல எண்ணும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. மும்பை வீட்டை விற்பதற்கு முன், அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஓராண்டு தங்கிப் பாருங்கள். சித்திரையில் மட்டும் கண்டு மயங்காதீர்கள். ஐப்பசி மழையையும் தைப் பனியையும் காணுங்கள். பங்குனியில் ஊற்றில் நீர் உண்டா என்று பாருங்கள். மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று கேளாதீர்கள். மழையிரவில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடவர்கள் மும்பையில் இருக்கும்போதே சமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

மலையில் வீடு வாங்கும் வசதி எல்லார்க்கும் வாய்ப்பதன்று. நெல்லைச் சீமையின் சிற்றூருக்கே திரும்ப எண்ணுவோர் நம்மில் பலர். இம்மும்பையிலேயே இருந்துவிட எண்ணுவோரும் பலர். அவர்களுக்கும் இது பொருந்தும். இடம் மாறினால் ஓய்வு வந்துவிடாது. வேலையைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், இருவருக்கும் சிறிது சிறிதாக ஓய்வு கிடைக்கிறது. எங்கள் வீட்டில் அது மாலை ஐந்து மணிக்குக் கிடைக்கிறது. அன்றாட வேலைகள் முடிந்து, இருவரும் ஒரே நேரத்தில் அமர்ந்து தேநீர் அருந்துகிறோம். அதன் சுவைக்கு ஈடு வேறொன்றில்லை.