சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவது?



குடியை நிறுத்தியவரிடம், எந்த நேரம் உங்களுக்குச் சோதனையான நேரம் என்று கேட்டுப் பாருங்கள். பலரும் சாயங்காலத்தைத்தான் சொல்வார்கள். பகலெல்லாம் உறுதியாக இருந்த மனசு, விளக்கு வைக்கும் வேளையில் ஆட்டம் காணும். பல வருஷம் கடைக்கு நடந்து பழகிய கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். 'போகாதே' என்று சொன்னால் மட்டும் போதாது. போவதற்கு வேறோர் இடம் வேண்டும். அந்த இடத்தை எப்படித் தேடுவது என்றுதான் இன்று பேசப்போகிறேன்.

1935 மே மாதம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரம். நியூயார்க்கிலிருந்து வந்த பில் வில்சன், ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகின்றன. வந்த வேலை தோல்வி. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்தார். தன்னைப்போலக் குடியோடு போராடும் இன்னொருவரிடம் பேச வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, மறுநாள் மாலை டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரைச் சந்தித்தார். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்த டாக்டர், கிளம்பும்போது இரவு 11 மணி தாண்டிவிட்டது. ஏ.ஏ. என்ற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு அந்தப் பேச்சிலிருந்துதான் வளர்ந்தது. அன்று பில் அவருக்குப் புத்திமதி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார், அவ்வளவுதான்.

இன்றும் ஏ.ஏ. கூட்டம் என்பது இதுதான். தமிழ்நாட்டிலும் நடக்கிறது. கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். விருப்பமுள்ள உறுப்பினர் போடலாம், புதியவர் போட வேண்டியதில்லை. உங்கள் முழுப் பெயரையோ முகவரியையோ சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள். சேரத் தகுதி ஒன்றே: குடியை நிறுத்தும் ஆசை.

ஆனால் எல்லாக் கூட்டமும் எல்லாருக்கும் ஒத்துப்போவதில்லை. முதல் நாள் போய், 'இது நமக்குச் சரிப்படாது' என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. உங்களுக்குப் பொருந்தும் கூட்டம் எது?

முதலில் நேரத்தைப் பாருங்கள். நீங்கள் வழக்கமாகக் குடிக்கப் போன நேரத்தில் நடக்கும் கூட்டம் உத்தமம். அடுத்தது மொழி. வீட்டில் பேசும் மொழியில்தான் மனம் திறக்கும். மூன்றாவது தூரம். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று பக்கத்து ஊருக்குப் போகிறவர்கள் உண்டு, தப்பில்லை. ஆனால் இரண்டு பஸ் மாற வேண்டிய கூட்டத்துக்கு எத்தனை நாள் போவீர்கள்?

கூட்டத்திலும் இரண்டு வகை இருக்கிறது. திறந்த கூட்டத்துக்கு மனைவி, நண்பர் யாரையும் அழைத்துப் போகலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். தனியாகப் போகத் தயங்குகிறவர் திறந்த கூட்டத்தில் தொடங்கலாம். ஆண்கள் நிறைந்த அறையில் பேசக் கூச்சப்படும் பெண்களுக்கு, பெண்கள் மட்டும் கூடும் கூட்டங்களும் இணையவழிக் கூட்டங்களும் இருக்கின்றன. குடும்பத்தாருக்கு 1951 முதல் அல்-அனான் என்ற தனி அமைப்பே இருக்கிறது. வீட்டுக்காரர் வர மறுத்தாலும் மனைவி அங்கே போகலாம்.

கடவுள் பேச்சு வருகிறதே என்று சிலர் ஒதுங்குகிறார்கள். 'நீங்கள் புரிந்துகொண்ட கடவுள்' என்றுதான் அங்கே சொல்வார்கள். அந்தக் குழுவையே தனக்கு மேலான சக்தியாக வைத்துக்கொண்டு மீண்ட நாத்திகர்களும் உண்டு.

சில இடங்களில் உஷாராக இருங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, சந்தா கேட்டாலோ, நீங்கள் பேசியது மறுநாள் வெளியே உலவினாலோ, அது உங்களுக்கான இடமில்லை.

முக்கியமான ஒன்று. பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு போகாது. வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று இல்லை. எங்கே போவதென்று தெரியாவிட்டால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கூட்டங்களால் பலன் உண்டா? 10,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசிய, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை 2020-இல் வெளிவந்தது. குடியை அறவே விட்டுத் தொடர்ந்து இருப்பதில், ஏ.ஏ. வழியை ஒட்டி முறையாக நடத்தப்பட்ட சிகிச்சைகள் மற்றச் சிகிச்சை முறைகளைவிட மேலான பலன் தந்தன என்றது அது.

ஆகவே நேயர்களே, ஒரே ஒரு கூட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். நாலைந்து இடம் போய்ப் பாருங்கள். பேச வேண்டாம், கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டால் போதும். எங்கேயாவது ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது, 'இது என் வீட்டுக் கதையாயிற்றே' என்று தோன்றும். மறுநாள் சாயங்காலமும் அங்கேயே போங்கள்.