சிப்பாயின் சம்பளத்தில் கை வைக்க முடியாது

மாரிகுப்பத்திலிருந்தும் ஆண்டர்சன்பேட்டையிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, லீவில் ஊருக்கு வந்திருக்கும் பட்டாளத்துத் தம்பிகளே!

இந்தக் கோலார் தங்கவயலுக்கு லைசென்ஸ் வாங்கிய மைக்கேல் லவெல் ஒரு பழைய சிப்பாய். நியூசிலாந்துப் போர் முடிந்து பெங்களூர் கன்டோன்மென்டில் குடியிருந்த அயர்லாந்துக்காரர். 1870களில் மைசூர் அரசிடம் உரிமை பெற்றார். தோண்டப் பணமில்லை, கைமாற்றிவிட்டார். பிறகு சுரங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அதில் வேலை செய்ய வட ஆற்காட்டிலிருந்து நம் பாட்டன்மார் வந்தார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். பிள்ளைகளில் பலர் பெங்களூருக்கு ரயில் ஏறினார்கள், சிலர் பட்டாளத்துக்குப் போனார்கள்.

பட்டாளத்தானுக்கு மாதச் சம்பளம் நிச்சயம். அந்த நிச்சயத்தைப் பார்த்துத்தான் வட்டிக்காரன் வாசலுக்கு வருகிறான். தங்கை கல்யாணம், சுரங்கத் தூசியை விழுங்கிய அப்பாவின் வைத்தியம், பாதியில் நிற்கும் வீடு, எல்லாவற்றுக்கும் கடன். பையன் எல்லையில் இருக்கும்போது இங்கே வந்து மிரட்டுகிறான்: "கோர்ட்டுக்குப் போவேன், சம்பளத்தைப் பிடிப்பேன், உள்ளே தள்ளுவேன்!"

முடியாது, அம்மா! 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 28-ஆம் பிரிவைக் கேளுங்கள். கடனுக்காக எந்த சிவில் கோர்ட்டும் படைவீரரின் சம்பளத்தையோ படியையோ ஜப்தி செய்ய முடியாது. 29-ஆம் பிரிவு: படையில் இருக்கும்வரை கடனுக்காக அவரைக் கைது செய்யவும் முடியாது. வழக்கு நடத்த லீவு கிடைத்ததாக மேலதிகாரி தரும் சான்றைக் காட்டினால், கூடுமானவரை அந்த லீவுக்குள்ளேயே வழக்கை முடிக்க கோர்ட் வழி செய்ய வேண்டும். இது 32-ஆம் பிரிவு. போர்முனையில் இருப்பவர் வர முடியாத வழக்கை நிறுத்தி வைக்க 1925-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

பென்ஷன்தாரர்களே, உங்கள் பென்ஷனும் ஜப்திக்கு அப்பாற்பட்டது. இனி வரப்போகும் பென்ஷனை எழுதி வாங்கிய பத்திரம் 1871-ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. எழுதிக் கொடுத்துவிட்டுத் தூக்கமில்லாமல் தவிக்கும் பெரியவர் யாராவது இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள், ஐயா.

வாங்கிய கடன் இதனால் ரத்தாகிவிடாது. நியாயமான கடனைக் கட்டத்தான் வேண்டும். மனைவி மக்களைப் பட்டினி போடுபவனுக்கும் இந்தச் சட்டம் துணை நிற்காது. அவர்கள் ஜீவனத்துக்கு அவன் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்க ராணுவச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு இடம் தருகிறது. அது சரியானது என்பேன்.

என் கவலையெல்லாம் வாசலில் நிற்கும் பெண்களைப் பற்றித்தான். சிப்பாயைக் காக்கும் சட்டம், குழுக்கடனில் கையெழுத்துப் போட்ட அவன் மனைவியைக் காப்பதில்லை. அவர்களுக்காக கர்நாடக அரசு 2025-ல் சிறுகடன் வசூல் கொடுமைக்கு எதிராகச் சட்டம் கொண்டு வந்தது. மிரட்டி வசூலித்தால் பத்து ஆண்டு வரை சிறை. புகார் கொடுக்கப் பயப்படாதீர்கள், தாயே!

இன்னொரு கூட்டத்துக்கு, சிப்பாயின் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் உள்ள காப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. 2022-ல் தொடங்கிய அக்னிவீர் திட்டத்தில் சேரும் பையன்களுக்கு நான்கே ஆண்டு வேலை. நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் நிரந்தரமாவார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வீடு திரும்ப வேண்டும். பென்ஷன் கிடையாது. பென்ஷனே இல்லாதவனுக்கு பென்ஷனைக் காக்கும் சட்டத்தால் என்ன பயன்? இருபத்து மூன்று வயதில் கையில் மொத்தமாகப் பணம் வரும் நாளை அவன் அம்மாவுக்கு முன்னால் கடன்காரன் எண்ணிக்கொண்டிருப்பான்.

கடன்காரனுக்குக் கடிவாளம் போடவும் வழி உண்டு. அமெரிக்காவில் 2006-ல் சட்டம் போட்டு, படைவீரர் குடும்பத்துக்குக் கொடுக்கும் பலவகைக் கடன்களுக்கு ஆண்டு வட்டி 36 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். குடும்பத்தையும் சேர்த்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் ஒரு தீர்மானம் வைக்கிறேன். பென்ஷனுக்கு இருப்பதுபோல சேவா நிதிக்கும் ஜப்தியிலிருந்து சட்டத்தில் வெளிப்படையான விலக்கு வேண்டும், படைவீரர் குடும்பக் கடனுக்கு வட்டி வரம்பு வேண்டும் என்று பாதுகாப்புத் துறைக்கு எழுதுவோம். தங்கவயல் வழக்கறிஞர்கள் மாதம் ஒரு ஞாயிறு ராபர்ட்சன்பேட்டையில் உட்கார்ந்து பட்டாளத்துக் குடும்பங்களின் கடன் பத்திரங்களைப் படித்துச் சொல்ல வேண்டும். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்!