மாணவர் திரும்பிய பின் எஞ்சுவது என்ன?

(கொல்கத்தாவில் மாணவர் தொண்டர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் முக்கியப் பகுதிகள்)



வங்கத்தின் நெற்களஞ்சியமான வர்தமானுக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் அந்த வயல்களில் நாற்று நடும் பெண்களைப் பற்றி மாநகரின் கல்லூரிகள் அறிந்தவை மிகக் குறைவு.

அவர்களில் பலர் உள்ளூர்க்காரர்கள் அல்லர். புருலியா, பாங்குரா மாவட்டங்களிலிருந்தும், ஜார்க்கண்டின் தும்கா பகுதியிலிருந்தும் வருபவர்கள். சந்தால் ஆதிவாசிகளும் தாழ்த்தப்பட்ட மக்களும் இவர்களில் அதிகம். மழையை நம்பிய அம்மேட்டு நிலத்தில் ஒரு போகம்தான் விளையும். எனவே ஆமன் நெல்லின் நடவு, அறுவடை, போரோ நெல்லின் நடவு, அறுவடை என ஆண்டுக்கு நான்கு முறை பள்ளத்து மாவட்டங்களுக்கு இறங்குகின்றனர். இதற்கு அம்மக்கள் இட்ட பெயர் ‘நாமால்’. பேருந்து நிலையங்களில் பேரம் நடக்கிறது. கூலி பணமாகவும் அரிசியாகவும் கிடைக்கிறது. பலருக்கு வேலை முடியும் நாளில்தான் கணக்குத் தீர்க்கப்படுகிறது. தங்குமிடம், நிலவுடைமையாளரின் கொட்டகை. வயலில் குனிந்த முதுகு நிமிர்வதற்குள் அடுப்பும் குழந்தையும் காத்திருக்கின்றன.

சட்டம் எங்கே நின்றது? 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் மூலம் 5 பேருக்கு மேற்பட்டோ, 5 பேரோ அமர்த்தப்பட்ட இடங்களுக்கே பொருந்தியது. புருலியாவிலிருந்து வர்தமானுக்கு வருபவள் மாநில எல்லையைத் தாண்டவில்லை. தும்காவிலிருந்து வருபவளை விவசாயியே நேரில் அழைத்து வருகிறார். இருவருமே சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படவில்லை. 2022 மார்ச்சில் மேற்கு வங்கத்துக்கான நூறு நாள் வேலைத் திட்ட நிதியை ஒன்றிய அரசு நிறுத்தியபோது, சொந்த ஊரில் இருந்த சிறு பிடிமானமும் நழுவியது.

இந்நிலையில் மாணவரின் கடமை யாது? வங்க மாணவர் இயக்கத்தின் வரலாறே விடை கூறுகிறது. 1943 பஞ்சத்தில் கிராமங்களிலிருந்து கொல்கத்தாவின் நடைபாதைகளுக்கு வந்து விழுந்த மக்களுக்கு மாணவர்களும் மகளிர் தற்காப்புச் சங்கமும் கஞ்சி ஊற்றினர். பணி கஞ்சியோடு முடியவில்லை. 1946இல் விளைச்சலில் மூன்றில் இரு பங்கு குத்தகை விவசாயிக்கே என்ற தெபாகா முழக்கம் எழுந்தபோது, அதே தலைமுறை கிராமங்களுக்குச் சென்றது. பெத்யூன் கல்லூரியில் பயின்ற இலா மித்ரா, நாசோலில் சந்தால் விவசாயிகளோடு நின்று, 1950இல் சிறையும் சித்திரவதையும் ஏற்றார். மக்கள் அவரை ‘ராணிமா’ என்று அழைத்தனர். நிவாரணம் போராட்டமாக வளர்ந்த பாதை இது.

இன்றைய பணி எளியது போல் தோன்றும். ஆனால் பொறுமை வேண்டும். பேருந்து நிலையத்திலேயே பெண்ணின் பெயர், பேசிய கூலி, போகும் ஊர் ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளுதல். கூலியைக் கணவனிடமின்றி அவள் கையிலேயே தரச் செய்தல். அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியைச் சந்தாலியில் எடுத்துரைத்தல். உடன் வரும் குழந்தைகளின் படிப்புக்கு வழி காணுதல். இதற்காக மாணவர் முதலில் சந்தாலி மொழியைக் கற்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கூலி கொடுப்பவர் எல்லோரும் பெரும் நிலவுடைமையாளர் அல்லர். நிலச் சீர்திருத்தத்தால் துண்டு நிலம் பெற்ற சிறு விவசாயியும் நடவுக்கு ஆள் அமர்த்துகிறார். உரமும் டீசலும் அவரையும் நெரிக்கின்றன. அதற்காகப் பெண்ணின் கூலியைக் குறைப்பது நியாயமாகாது. நெல்லுக்கு நியாய விலையும் நடவுக்கு நியாயக் கூலியும் ஒரே போராட்டத்தின் இரு கோரிக்கைகள் என்று இருவரிடமும் எடுத்துரைப்பதே அரசியல் பணி.

விடுமுறை முடிந்ததும் மாணவர் கல்லூரிக்குத் திரும்பிவிடுவார். அடுத்த நடவுக்கு அதே பெண் அதே பேருந்து நிலையத்தில் வந்து இறங்குவாள். அன்று மாணவர் அருகில் இல்லாமலேயே அவள் தன் கூலியைப் பேசி முடிக்கிறாளா, சங்கக் கூட்டத்தில் தன் மொழியில் எழுந்து பேசுகிறாளா என்பதே தொண்டின் அளவுகோல்.

காவிரிப் படுகையில் இன்று வங்கத் தொழிலாளர்கள் நாற்று நடுகின்றனர். இந்தக் கேள்வி தமிழ்நாட்டு மாணவரின் வாசலிலும் நிற்கிறது.