கிளினிக் நாளுக்கும் பேர் போட வேண்டும்

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் ஒரு தோட்டத்து லயத்துக்குப் போயிருந்தேன். ஆறு மாதக் கர்ப்பிணியான ஒரு தங்கச்சி கூடையோடு மலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "இன்றைக்கு உங்களுக்குக் கிளினிக் இல்லையா?" என்று கேட்டேன். "போனால் இன்றைய பேர் போயிடுமே அக்கா. பஸ்ஸுக்கும் காசு வேணும்" என்றார். ரத்தம் குறைவு என்று போன தடவையே அவருடைய அட்டையில் எழுதியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் வைத்தியம் இலவசம். அரசாங்க ஆஸ்பத்திரியில் குளிசைக்குக் காசு கேட்பதில்லை. ஆனால் அந்த இலவசக் குளிசையை வாங்கப் போவதற்கு நாம் ஒரு நாள் சம்பளத்தை விடுகிறோம். மாதச் சம்பளக்காரருக்கு இந்தக் கணக்கு விளங்காது.

2016இல் அரசாங்கம் நடத்திய குடித்தொகை, சுகாதார ஆய்வு என்ன சொல்கிறது? நாடு முழுவதும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் 100க்கு 32 பேர். "தோட்டத்துப் பிள்ளைகள் பிறப்பிலேயே கட்டைதானே" என்று சிலர் சொல்கிறார்கள். பிறப்பில்தான், ஆனால் பரம்பரையால் அல்ல. தாய்க்குச் சத்து இல்லாவிட்டால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கும், வளர்ச்சியும் பின்தங்கும்.

காலையில் ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும். பகலுக்கும் அதேதான். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நாம் பறிக்கிற அதே கொழுந்துதான்! சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இதற்குச் செலவில்லை. ஆனால் மீனும் முட்டையும் சாப்பிடச் சொல்கிறார்களே, அதற்குப் புத்திமதி போதாது, சம்பளம் வேண்டும்.

சட்டத்தில் இருப்பதையே நாம் முழுதாகக் கேட்டு வாங்குவதில்லை. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு தடவை விட வேண்டும். பிள்ளைமடுவம் இருந்தால் தடவைக்கு அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரத்தில் இதைக் கழிக்க முடியாது. உங்கள் தோட்டத்தில் எத்தனை தாய்மாருக்கு இது கிடைக்கிறது?

இப்போது நாம் கேட்பது இதுதான். கர்ப்பிணித் தாய் கிளினிக் போன நாளுக்குச் செக்ரோலில் முழுப் பேர் விழ வேண்டும். அட்டையில் கிளினிக் திகதி இருக்கிறது, வேறு அத்தாட்சி தேவையில்லை. தூரத்து டிவிசன்களுக்கு மாதம் ஒரு முறை கிளினிக்கே பிள்ளைமடுவத்துக்கு வர வேண்டும். முதல் கோரிக்கை கம்பனியிடம், இரண்டாவது சுகாதாரத் திணைக்களத்திடம்.

வெறும் வாயால் கேட்டால் நம்பமாட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது தலைவிமார் தங்கள் டிவிசனில் இந்த வருடம் எத்தனை தாய்மார் எத்தனை கிளினிக் நாளைத் தவறவிட்டார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.