சமத்துக் குழந்தை என்று நினைத்திருந்தோம்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் காட்டுப்பள்ளியைச் சேர்ந்த ஒரு தாயும் தகப்பனும் பேசியது)

மேடையில் பேசிப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள். காட்டுப்பள்ளியில், கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே எங்கள் வீடு. மீன்பிடிதான் தொழில்.

எங்கள் மகள் பிறந்தபோது எடை 3 கிலோ. அவள் அதிகம் அழவில்லை. கொஞ்சம் பால் குடித்ததும் தூங்கிவிடுவாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "சமத்துக் குழந்தை, தாய்க்குத் தொந்தரவே இல்லை" என்றார்கள். கேட்க எங்களுக்கும் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் சிஸ்டர் வந்து, குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தைத் தடித்த தாள் ஒன்றில் ஒற்றி எடுத்தார்கள். "நல்லா இருக்கிற பிள்ளையை ஏம்மா குத்துறீங்க?" என்று பாட்டி கோபப்பட்டார்கள். எங்கள் மனதிலும் அதே கேள்விதான்.

வீட்டுக்கு வந்த சில நாட்களில் போன் வந்தது. தைராய்டு பரிசோதனையில் ஓர் எண் கூடுதலாக இருக்கிறது, மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள். "நோயா?" என்று கேட்டோம். "இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. உடனே வாருங்கள்" என்றார்கள்.

மீஞ்சூர் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து ரயில் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தோம். முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு இரவும் நாங்கள் தூங்கவில்லை. தன்னால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்றோ என்று இருவருமே நினைத்தோம். ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை.

முடிவு வந்தது. குறை இருப்பது உறுதியாயிற்று. டாக்டர் அம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார்கள். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி போதுமான அளவு சுரக்கவில்லை. இது யார் செய்த தவறும் அல்ல. அந்தச் சுரப்பு இல்லாவிட்டால் மூளை வளர்ச்சி குன்றும். அதிகத் தூக்கம், கரகரத்த அழுகை, மலச்சிக்கல், விடாத மஞ்சள் காமாலை ஆகியவை அடையாளங்கள். ஆனால் அவை தெளிவாகத் தெரிவதற்குள் நாள் கடந்துவிடும். நாங்கள் சமத்து என்று எண்ணியது நோயின் அடையாளமாய் இருந்திருக்கிறது.

தாளில் ரத்தம் ஒற்றிப் பரிசோதிக்கும் முறையை 1960-களில் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கத்ரி வேறொரு நோய்க்காகப் பரவலாக்கினார். 1970-களில் கனடாவின் கியூபெக்கில் அதே முறை தைராய்டுக்கும் வந்தது. நம் நாட்டில் 2007 முதல் 2012 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளைப் பரிசோதித்தது. 1,130 பேரில் ஒருவருக்கு இக்குறை இருந்தது. சென்னையும் அந்த ஐந்தில் ஒன்று.

பதினோராம் நாள் மருந்து தொடங்கினோம். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலான பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி மற்றப் பிள்ளைகளைப் போலவே இருக்கும் என்றார்கள். மருந்து ஒரு சின்ன மாத்திரைதான். தினமும் காலையில் அதைப் பொடித்து, கொஞ்சம் தாய்ப்பாலில் கரைத்து ஸ்பூனில் கொடுத்தோம். இரும்புச்சத்து, கால்சியம் மருந்துகளை அதோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. எடை கூடக் கூட அளவும் மாறும். அதற்காக அடிக்கடி ரத்தம் பார்த்தார்கள். சில வாரங்களில் அவள் ஓங்கி அழத் தொடங்கினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நாங்கள் சிரித்தோம்.

இப்போது அவள் ஓடுகிறாள், ஓயாமல் பேசுகிறாள். அடுத்த மாதம் மூன்று வயது நிறைகிறது. அப்போது டாக்டர் மேற்பார்வையில் சில வாரம் மருந்தை நிறுத்திப் பார்ப்பார்கள். சில பிள்ளைகளுக்கு மருந்து இனித் தேவைப்படாது. சிலருக்கு ஆயுள் முழுதும் வேண்டும். எங்கள் மகள் எந்தப் பக்கம் என்று தெரியாது. அந்த இரண்டு இரவுகளைப் போல இப்போது பயமில்லை. மருந்து தொடர வேண்டியிருந்தாலும் அவள் பள்ளிக்கூடம் போவாள்.

பிரியமானவர்களே, மறுபரிசோதனைக்கு எங்களிடம் பணம் கேட்கவில்லை. அது உங்கள் காணிக்கையிலிருந்து வந்தது என்று பிறகுதான் அறிந்தோம். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! இன்னும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் தெருவில் பிள்ளை பிறந்தால், பார்க்கப் போகும்போது தயவாய் விசாரியுங்கள்: "குதிகாலில் ரத்தம் எடுத்தாயிற்றா? முடிவைக் கேட்டீர்களா?"